அயன் சகோதரர்களைத் தேடிய கந்தோர்

"ஒரு கரண்டி உப்புத் தா புள்ள" என்று குசினி வாசலில் வந்து நின்றார் நல்லரத்தினம் மாஸ்டர். அவர் பெண்சாதி சீதேவிப்பிள்ளை மணலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் செதில்.

"உப்பு என்னத்துக்கு? வகுப்பில கஞ்சியா காய்ச்சிறீங்க?"

"பிள்ளையளுக்குக் காட்டணும். சோடியமும் குளோரீனும் தனித்தனிய நிண்டா ரெண்டும் பொல்லாதது. ஒண்டு தண்ணியில பட்டா வெடிக்கும், மத்தது மூச்சில பட்டா ஆளை முடிக்கும். சேர்ந்தாத்தான் உன்ர கறிக்கு ஆகும்."

"போன மாசம் வினாகிரிப் போத்தலும் இப்பிடித்தான் வகுப்புக்குப் போச்சு. இன்னும் காணல்ல."

"இது வரும்."

ஜாம் போத்தல் மூடியொன்றில் ஒரு கரண்டி உப்பைக் கொட்டி நீட்டினாள். மூடி எண்ணெய்ப் பசையாக இருக்கிறதென்று அவர் சாரன் தலைப்பால் துடைக்கப் பார்த்தார். உப்பைச் சிந்தப் போகிறீர்கள் என்று ஏசினாள். அவர் வளவைக் கடந்து கொட்டிலுக்குப் போனார். அவள் மீனுக்குத் திரும்பினாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாசி மாதம், ஆரையம்பதி. வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த கொட்டில். அதில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். முன்னால் ஒரு கரும்பலகை. அதில் மாஸ்டரின் குண்டு எழுத்தில் அன்றைய பாடம்:

அயன் ஆக்கம்.
சோடியம்: முதலாம் ஓட்டில் 2, இரண்டாம் ஓட்டில் 8, மூன்றாம் ஓட்டில் 1.
வெளியோட்டிலுள்ள ஒன்றை இழந்து சோடியம் உறுதியடைகிறது.
அதைப் பெற்றுக் குளோரீன் உறுதியடைகிறது.
இழந்தது கற்றயன். பெற்றது அனயன்.

மீன் சட்டி கொதிக்க முதல் வளவுக்குள் சப்பாத்துச் சத்தம் கேட்டது. படையினர் அன்றைக்குத் தேடி வந்தது யாரை என்று பிறகும் தெரியவரவில்லை. இரண்டு வளவு தள்ளி யாரையோ என்று ஒரு கதை. வந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்தால் ஏதோ கணக்கென்று விட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் வினாயகமூர்த்தி வந்திருந்தார். அவர் தமிழ் படித்தவர். தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில் கட்டுரைப் போட்டியொன்றில் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கியவர். எந்தச் சொல்லையும் சும்மா விட அவரால் முடியாது.

பலகையை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது அவருக்கு வியர்த்தது.

"தோணி ஓட்டம் சேர்" என்று பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். "முதலாம் ஓட்டில் இரண்டு பேர். இரண்டாம் ஓட்டில் எட்டுப் பேர். மூன்றாம் ஓட்டில் ஒருவன். பதினொரு பேர் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போயிருக்கிறார்கள்."

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, படையினருடையது. அந்தப் பக்கம் படுவான்கரை, இயக்கத்தினுடையது. ஆகவே எந்தத் தோணியும் சும்மா ஓடுவதில்லை.

"அது தோணி இல்ல ஐயா" என்றார் மாஸ்டர். "அணுவைச் சுத்தி இரிக்கிற ஓடு. முட்டை ஓடு, ஆமை ஓடு எண்டு சொல்றல்லையா, அப்பிடி. அந்த ஓட்டுக்குள்ள இரிக்கிறது இலத்திரன்."

"இலத்திரன்" என்று வினாயகமூர்த்தி எழுதிக்கொண்டார். சந்திரன், இந்திரன் என்று வைப்பதுபோல யாரோ வைத்த பெயர். "எந்த ஊர்?"

"எல்லா ஊரிலயும் இரிக்கு ஐயா. உங்களுக்குள்ளயும் இரிக்கு."

வினாயகமூர்த்தி இதை மொழிபெயர்த்தபோது, நமது முகாமுக்குள்ளும் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று வந்தது.

அதன் பிறகு கற்றயனுக்கும் அனயனுக்கும் அதிக நேரம் எடுக்கவில்லை. அயன் என்பது ஆளின் பெயர். பிரமனுக்கும் அந்தப் பெயர் உண்டு, ஆகவே ஆக்குகிறவன், தலைவன். கற்ற அயன் கற்றயன், பயிற்சி முடித்தவன். நயமில்லாதவன் அனயன், பொல்லாதவன். இருவரும் சகோதரர்களாக இருக்க வேண்டும்.

மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பலகையையும் எடுத்தார்கள். எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று இரண்டு பேர் அதை மட்டமாகப் பிடித்து, மேலே துணி கட்டி, பள்ளம் திட்டி பார்த்து மெதுவாக நடந்தார்கள். மாஸ்டரை அவ்வளவு கவனமாகக் கொண்டுபோனதாகச் சொல்ல முடியாது.

ஐயந்தெளிதல் பிரிவு என்பது அந்தக் கந்தோரின் முழுப்பெயர். வாவிக்கரையில் கைவிடப்பட்ட நெல் ஆலைக்குள் இருந்தது. ஐயத்தைத் தெளிவதற்கு முதலில் ஐயம் வேண்டும். ஊரில் அது போதாதென்பதால் உண்டாக்கும் வேலையையும் அங்கேயே செய்தார்கள். சனம் அதைச் சுருக்கி ஐயக் கந்தோர் என்றது.

அடுத்த நாள் சீதேவிப்பிள்ளை போனாள். பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர், கதிரை கொடுத்தார். அவர் சொல்வதை வினாயகமூர்த்தி செந்தமிழில் தந்தார்.

"அம்மணி, நல்லரத்தினம் என்னும் பெயருடைய எவரும் இங்கில்லை. எவரையும் நாங்கள் கொண்டுவரவில்லை."

அவர்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது கரும்பலகை. அந்தப் பக்கம் பல்லி போகாமல் இருக்கக் காவலுக்கு ஒருவன் நின்றான்.

"அது எங்கட பலகை ஐயா."

பொறுப்பதிகாரி திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை.

"பலகை கிடைக்கப்பெற்றது" என்றார் வினாயகமூர்த்தி. "பலகையோடு ஆள் எவரும் கிடைக்கப்பெறவில்லை."

"பலகை தன்ர பாட்டில நடந்தா வந்த?"

இதை அவர் மொழிபெயர்க்கவில்லை. பதிலாகக் கேள்வி ஒன்று வந்தது: "அயன் யார்? இது பற்றி அவர் தரும் விளக்கம் போதுமானதாக இல்லை."

தருகிறாரா? இல்லாத ஆள் எப்படி விளக்கம் தருவார்? சீதேவிப்பிள்ளைக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் ஒரு விளக்கைக் கொளுத்தியது. உயிரோடு இருக்கிறார், இந்த ஆலைக்குள்தான் எங்கேயோ ஒரு மூலையில் இருந்து விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கம் இவர்களுக்கு விளங்கிவிட்டால் விட்டுவிடுவார்கள்.

"அயன் எண்டா உடுப்பு மினுக்கிறது ஐயா" என்றாள். அவளுக்குத் தெரிந்த அயன் அது ஒன்றுதான். "கரி போட்டுச் சூடாக்கி அமத்துற."

"எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"வீட்டில, கட்டிலுக்குக் கீழ."

பொறுப்பதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அரை மணித்தியாலத்தில் ஒரு வண்டி நிறைய ஆட்கள் ஆரையம்பதிக்குப் போய் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். "அயன் பிடிபட்டான்" என்று செய்தி மேலிடத்துக்குப் போனது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. கட்டிலுக்குக் கீழிருந்து சேவல் பிடி வைத்த பித்தளை அயன்பெட்டி எடுக்கப்பட்டு, பாராட்டைத் திருப்பி அனுப்ப வழியில்லாததால், அதுவும் காவலில் வைக்கப்பட்டது. மறுநாள் பிரிவின் நிலைப்பாடு திருத்தப்பட்டது: பிடிபட்டது மூத்த அயன். கற்றயனும் அனயனும் தப்பி நிற்கிறார்கள்.

சோதனைச் சாவடிகளில் ஒலிபெருக்கி கட்டினார்கள். "கற்றயன், அனயன் ஆகிய சகோதரர் இருவரும் உடனடியாகச் சரணடையுமாறு" என்று வினாயகமூர்த்தியின் குரல் காலையும் மாலையும் வாவிக்கு மேலாகப் போய்வந்தது. சாவடியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், கண்டாயா என்று கேட்டார்கள். வலை வீசுகிற சாமித்தம்பி காணவில்லை என்று சொல்லி ஒரு பகல் முழுக்க வெயிலில் முழங்காலில் நின்றான். அடுத்த நாள் கேட்டபோது கண்டேன் என்றான்.

"எப்படி இருப்பான்?"

"கற்றயன் நெட்டை சேர். மற்றவன் கட்டை."

உடனே போகவிட்டார்கள். ஊருக்கு வழி பிடிபட்டது. பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். அனயனுக்குக் கன்னத்தில் காயம். கற்றயன் பீடி குடிப்பதில்லை. அனயன் ஒரு கண் சாய்ந்தவன், சிரித்தால் பொல்லாதவன். ஒரு மாதம் போவதற்குள் சொந்த மச்சானை அறிந்ததைவிட அவர்களைச் சனத்துக்கு நன்றாகத் தெரிந்தது. கல்யாண வீடொன்றில் ஒரு கிழவர், கற்றயன்ர தாய் வழி நம்மட ஆக்கள் என்று சொன்னாராம்.

இதில் வேடிக்கை பார்க்கச் சீதேவிப்பிள்ளைக்கு மனமில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் தாய்மார் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கையால் திரும்பினார்கள். மாஸ்டர் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்புகிறவர் என்று ஒரு பக்கம்; படையினருக்குப் பேர் கொடுக்கிறவர் என்று மறு பக்கம். கிணற்றடியில் பேச்சு அவள் வந்ததும் நின்றது. கடைசியில் அவளுக்கே ஒரு நாள் தோன்றியது: இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதர்தான், ஆனால் கொட்டிலுக்குள் என்ன சொல்லிக் கொடுத்தாரென்று எனக்கு என்ன தெரியும்? ஒருவேளை இரண்டு பேர் இருந்திருப்பார்களோ? அந்த யோசனை வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் படுவான்கரையிலிருந்து இரண்டு பேர் தோணியில் வந்தார்கள். இளம் பொடியன்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அங்கேயும் ஒரு கந்தோர் இருக்கிறது, அதற்கும் விளக்கம் வேண்டியிருந்தது.

"அக்கா, எங்களுக்குத் தெரியாம ரெண்டு பேர் பயிற்சி முடிச்சிரிக்காங்க. அது ஒழுங்கு மீறல்" என்றான் மூத்தவன். "ஆர் பயிற்சி குடுத்த?"

"அப்பிடி ஆருமில்ல தம்பி. அது பாடம்."

"அவனுகள் ஸ்பீக்கர் போட்டுத் தேடுறான். இல்லாத ஆளையா தேடுவான்?"

"மாஸ்டர் உங்களிட்டயா?" என்று கேட்டாள்.

"எங்களிட்ட இல்ல. வீட்டுக்கு ஒராள் தந்தா இனம் உறுதியாகும் எண்டுதான் நாங்க கேக்கிற. நீங்க குடுத்திட்டீங்க. ஆனா எங்களுக்கு வந்து சேரல்ல. அதுதான் எங்களுக்கு உங்களில ஒரு ஐமிச்சம்."

போகும்போது இளையவன் வாசலில் நின்று, "கற்றயன் நெட்டையாமே, உண்மையா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள். இதைப் படித்தாக வேண்டும். அயன் என்றால் என்னவென்று ஐயக் கந்தோருக்கு விளங்கச் சொன்னால்தான் உள்ளே விளக்கம் சொல்லிக் களைத்த மனிதர் வெளியே வருவார்.

மாஸ்டரோடு ஆசிரியர் கலாசாலையில் படித்தவர் காத்தான்குடி அப்துல் மஜீத் மாஸ்டர், இரசாயனம்தான். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு ஒழுங்கைதான். ஆனால் அந்த நாளில் அந்த ஒழுங்கையைக் கடந்தவர்கள் குறைவு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த அழிவுகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் வேலி உயர்ந்திருந்தது. சந்தையில் அவருடைய தங்கை ஆயிஷா உம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். பதில் வந்தது: மட்டக்களப்பு ஆசுபத்திரி, வெளிநோயாளர் பகுதி. அங்கே மட்டும் எந்த ஊராளும் எந்த ஊராளுக்குப் பக்கத்திலும் இருக்கலாம். வருத்தத்துக்கு ஊரில்லை.

இருவரும் வருத்தமென்று சொல்லித் துண்டெடுத்து, ஆளுக்கொரு பொட்டலம் மஞ்சள் விட்டமின் குளிசையும் வாங்கிக்கொண்டு, வாங்குப் பலகையின் இரண்டு நுனியில் இருந்தார்கள். நடுவில் மஜீத் மாஸ்டர் குளிசைகளைப் பரப்பினார். நடுவே ஒரு மஞ்சாடி விதை, அதைச் சுற்றி இரண்டு. அதைச் சுற்றி எட்டு. வெளியே தனியாக ஒன்று.

"இதுதான் சோடியம், தங்கச்சி. உள்ளுக்குள்ள இரிக்கிற ரெண்டு ஓடும் நிறைஞ்ச வீடு. கரச்சல் இந்தக் கடைசி ஒண்டுதான். இத வச்சிரிக்கும் மட்டும் சோடியத்துக்கு இருப்புக் கொள்ளாது. கண்டதோடயும் போய் முட்டும்."

"மறுகா?"

"குளோரீனுக்கு வெளியோட்டில ஏழு. எட்டுக்கு ஒண்டு குறைவு. அது எங்கடா எண்டு அலையும். ரெண்டும் சந்திச்சா..." தனிக் குளிசையை விரலால் தள்ளித் தன் பக்கம் கொண்டுபோனார். "இது விட்டிரும், அது எடுத்திரும். ரெண்டும் அடங்கிரும். விட்டது கற்றயன், எடுத்தது அனயன். ரெண்டும் வந்து ஒட்டினா உப்பு."

சீதேவிப்பிள்ளை மிச்சமிருந்த பத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இழந்தா நல்லமா மாஸ்டர்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அணுவுக்கு நல்லம்" என்றார்.

"அந்த ஒண்டு? அது எங்க போற?"

"எங்கயும் போய் மறையாது. இந்தப் பாடத்தில அதுதான் முக்கியம். ஒருத்தன் இழந்தா இன்னொருத்தன் எடுத்திரிக்கான். எடுத்தவன் இல்லாம இழந்தவன் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கலாசாலையில ஒரே வாங்கு. இத அவன் என்னட்டத்தான் கேட்டுப் படிச்ச." தனிக் குளிசையை உருட்டிக்கொண்டு, "பொய். நான்தான் அவனிட்ட கேட்ட" என்றார்.

பரிசாரகன் ஒருவன் வந்து நின்றான். "இஞ்ச என்ன கா, குளிசையில தாயம் விளையாடுறீங்க?"

"எனக்குக் கண் மங்கல். ஒரு நேரத்துக்கு எத்தினை எண்டு அவவிட்ட கேக்கன்" என்றார் மஜீத் மாஸ்டர். அவன் போனபிறகு இன்னொன்றையும் சொன்னார். நியோன் என்று ஒரு வாயு. அதற்கு வெளியோட்டில் முதலே எட்டு. ஆகவே அது எடுக்காது, கொடுக்காது, ஒருத்தரோடும் சேராது. சோடியம் ஒன்றை இழந்தால் இலத்திரன் கணக்கில் நியோனைப்போலத் தெரியும். ஆனால் நியோன் இல்லை. ஒன்றைப் பறிகொடுத்த மின்னேற்றம் அதில் எப்போதும் இருக்கும்.

பதினொரு குளிசையையும் மஞ்சாடி விதையையும் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தார். பஸ் ஏறும்போது அவர் வேறு வரிசையில் நின்றார். யாரென்றே தெரியாதவர்போல.

ஐயக் கந்தோர் வாசலில் பொட்டலத்தை வாங்கிவிட்டார்கள். குளிசை வெடிக்குமா என்று பார்க்க உள்ளே அனுப்பினார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு பொட்டலம் வந்தது. பொறுப்பதிகாரியின் மேசையில், கரும்பலகைக்கு முன்னால், அவள் விதையை வைத்து அடுக்கத் தொடங்கினாள். சுற்றி இரண்டு. சுற்றி எட்டு. பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"ஒண்டு இல்ல ஐயா. பதினொண்டு குடுத்தனான்."

விசாரித்தார்கள். வாசல் காவல்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். உதட்டோரத்தில் மஞ்சள். ஐயந்தெளிதல் பிரிவு அதைப் பரிசீலித்து உடனேயே முடிவுக்கு வந்தது.

"பத்துக் குளிசை கிடைக்கப்பெற்றது" என்றார் வினாயகமூர்த்தி. "எதுவும் எடுக்கப்படவில்லை."

சரி என்று அவள் இருந்ததை வைத்தே சொன்னாள். ஓடு என்றால் தோணி ஓட்டமில்லை. இலத்திரன் ஆளில்லை. கற்றயன் இழந்தது; அனயன் பெற்றது. இவர்கள் சகோதரர்கள் இல்லை, உப்பு. நியோனையும் சொன்னாள். மஜீத் மாஸ்டர் சொன்ன வரிசை மாறாமல், எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தி, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னாள்.

பொறுப்பதிகாரி முழுவதையும் கவனமாகக் கேட்டார். இப்படியொரு விளக்கம் அவருக்கு அதுவரை கிடைக்கவில்லை போலிருந்தது. எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். பேசினார். வினாயகமூர்த்தி அதற்கு ஏற்ற குரலெடுத்தார்.

"அம்மணி, மிக அழகிய தத்துவம். இதோ பாருங்கள், ஒன்று இல்லாமற் போனபின் எத்துணை ஒழுங்காக இருக்கிறது. இரண்டு, எட்டு. குறையேதும் தெரிகிறதா? இழந்தவர் உறுதியடைகிறார் என்று தங்கள் கணவரே எழுதி வைத்திருக்கிறார். தாங்கள் ஒருவரை இழந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியாயின் தாங்கள் உறுதியடைந்திருக்கிறீர்கள். முறைப்பாட்டுக்கு இடமேது? பிரிவு தங்களை வாழ்த்துகிறது."

சீதேவிப்பிள்ளை வாயைத் திறந்தாள். பொறுப்பதிகாரி கையை உயர்த்தினார்.

"மேலும், இந்த நியோன் எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எமது பிரிவின் இயல்பை இத்தனை காலமும் எவரும் இவ்வளவு துலக்கமாகச் சொன்னதில்லை. நாங்கள் எடுப்பதில்லை. எடுக்காததால் கொடுக்க வேண்டியதும் இல்லை. எவர் வந்து கேட்டாலும் நாங்கள் நிறைவாகவே இருக்கிறோம். நாங்கள் நியோன்."

காவல்காரன் தலையாட்டினான். உதட்டு மஞ்சள் இன்னும் போகவில்லை.

அவள் அந்த மஞ்சளையே பார்த்தாள். பிறகு, அவ்வளவு நேரமும் ஒப்பித்த குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் சொன்னாள்:

"ஐயா, இழந்தது நான். சரி. அப்ப எடுத்தது ஆர்? எடுத்தவன் இல்லாம இழந்தவன் இல்ல. அது எங்கயும் போய் மறையாது. ஒரு இடத்தில இரிக்கணும்."

வினாயகமூர்த்தி இதை மொழிபெயர்க்க வேண்டும். செய்யவில்லை. மேசையிலிருந்த குளிசைகளைப் பார்த்துக்கொண்டு, அத்தனை நாளும் அவள் அவரிடம் கேட்டிராத வீட்டுத் தமிழில் மெல்லச் சொன்னார்:

"கடைசி நேரத்திலயும் இதத்தான் புள்ள சொன்னவர்."

ஆலைக்குள் புறா ஒன்று செட்டை அடித்தது.

பொறுப்பதிகாரி என்னவென்று கேட்டார். வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். குரல் பழைய இடத்துக்குப் போனது. சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு அதையே அவளுக்கும் தமிழில் தந்தார். "அம்மணியின் ஐயம் தெளிந்துவிட்டது என்று அறிவித்தேன்."

பொறுப்பதிகாரிக்குத் திருப்தி. அயன்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்து, மூத்த அயன் என்று மேலிடத்துக்கு அறிவித்தாகிவிட்டதால் முடியாதென்று வருத்தம் தெரிவித்தார்.

அவள் பத்துக் குளிசையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டாள். விதையையும் எடுத்தாள். கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் காவல்காரன் வழிவிட்டான். சாவடியில் ஒலிபெருக்கி, கற்றயன், அனயன் ஆகிய சகோதரர் இருவரும், என்று தொடங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற மனுசி அவளிடம் திரும்பி, "இன்னும் பிடிபடல்லையாம் கா" என்றாள். "ஓம்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

மாஸ்டரைக் கொண்டுபோன பிறகு அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கொட்டிலுக்குள் போனாள். பலகை நின்ற இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருந்தது. வாங்குகள் விழுந்தபடியே கிடந்தன. மாஸ்டரின் மேசையில், வெண்கட்டித் துண்டுகளுக்குப் பக்கத்தில், ஜாம் போத்தல் மூடி. உப்பு கசிந்து, காய்ந்து, மூடியோடு இறுகிக் கட்டியாக இருந்தது. ஒரு கரண்டிக்குக் குறையவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட நேரம் வந்திருக்காது.

இது வரும் என்றார். வந்தது. அவள் அதைக் குசினிக்குக் கொண்டுபோனாள்.

பொறுப்பதிகாரி பதவி உயர்ந்து போனார். போகும் முன் பாடசாலைப் பரிசளிப்பு ஒன்றில், மாணவர்கள் நியோனைப்போல வாழ வேண்டுமென்று பேசினார். வினாயகமூர்த்தி மொழிபெயர்த்தார், கைதட்டினார்கள். கந்தோர் வாசலில் "நாம் எடுப்பதில்லை" என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. பிறகு அந்தக் கந்தோர் போனது, வேறொன்று வந்தது. படுவான்கரைக் கந்தோரும் போனது. சண்டை முடிந்து சில வருஷத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து மண்டபமொன்றில் இருந்து காணாமற்போனவர்களைப் பற்றிக் கேட்டது. சீதேவிப்பிள்ளையும் போய் வரிசையில் நின்றாள். பழைய பதிவுகளைப் பார்த்த இளம் அலுவலர் நல்ல பிள்ளை, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நல்லரத்தினம் என்று எவரும் எடுக்கப்பட்டதாகப் பதிவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் இரண்டு பேரின் விசாரணை இன்னும் திறந்தே இருக்கிறது அம்மா, என்றார். "கற்றயன், அனயன். உங்களுக்கு அவர்களைத் தெரியுமா?"

"ஓம் மகன். ஒராள் நெட்டை. மற்றவன் கட்டை" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.

ஜாம் மூடி குசினித் தட்டில் இருக்கிறது. மாரியில் அந்தக் கட்டி கசியும். கச்சான் காற்றுக்குத் திரும்பக் காயும். மற்றச் சாமானுக்கெல்லாம் வருகிற எறும்பு அதற்கு வருவதில்லை. வருஷத்துக்கொருமுறை, மாசியில், அவள் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.

கரிக்கிறது.